குச்சனூரில் இரும்பு விற்றவள்

“தூக்கிப் பாருங்க. வாங்க வேண்டாம், சும்மா தூக்கிப் பாருங்க. பிளாஸ்டிக் இல்ல, தகரம் இல்ல, கெட்டி இரும்பு. கீழ விழுந்தா தரைக்குத்தான் சேதம்.”

குச்சனூரில், ஆடி மாதத்து மூன்றாவது சனிக்கிழமை, கோவிலுக்குப் போகும் பாதையோரம் நின்று நான் இப்படிக் கூவிக்கொண்டிருந்தேன். புத்தாயிரம் பிறந்து இரண்டோ மூன்றோ வருடம் ஆகியிருக்கும். ஒரு பக்கம் எள் விளக்குப் புகை. இன்னொரு பக்கம் ஆற்றில் முழுகிவிட்டு வருபவர்களின் ஈரத்துணி வாடை. என் உள்ளங்கையில் சிவப்பு நிறத்தில் ஒரு கார்.

எல்லோரும் தூக்கிப் பார்த்தார்கள். கையை மேலும் கீழும் அசைத்துக் கனம் பார்த்தார்கள். “அட, ஆமா” என்றார்கள். பிறகு சுடுசட்டியைத் தொட்டவர்கள் மாதிரி சட்டென்று கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டினார்கள்.

என் வீட்டுக்காரர் சவரிமுத்து எனக்குப் பின்னால் உட்கார்ந்து பலூன் ஊதிக்கொண்டிருந்தார். பலூன் ஊதுவதில் அவருக்கு ஒரு வசதி உண்டு. வாய் நிறையக் காற்று இருக்கும்போது யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, குறிப்பாக எனக்கு.

அட்டைப்பெட்டியில் இருபத்துநான்கு கார்கள் இருந்தன. இரண்டு சனிக்கிழமை முடிந்து மூன்றாவதும் பாதி ஓடியாயிற்று. இருபத்துநான்கும் அப்படியே இருந்தன.

மதுரைக்கு நானும் போனேன்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக இரண்டு வரி. எங்களுக்கு ராயப்பன்பட்டி. அவர் திருவிழாக்களுக்குப் பொம்மைக் கடை போடுவார். எங்கள் ஊர் மாதா கோவில் திருவிழா, வீரபாண்டி சித்திரைத் திருவிழா, ஆடிக்குக் குச்சனூர் என்று பள்ளத்தாக்கு முழுக்கச் சுற்றுவார். நான் வீட்டில் ஜாக்கெட் தைப்பேன், திருவிழா நாட்களில் கடைக்குப் போவேன்.

சரக்கு எடுக்க மதுரைக்குப் போவது மட்டும் அவர் வேலை. கல்யாணமாகி ஆறு வருடமாகத் தனியாகத்தான் போய் வந்தார். காலையில் போவார், பொழுது சாயத் திரும்புவார். மூட்டையை அவிழ்த்தால் எப்போதும் அதே பலூன், அதே ஊதல், அதே தண்ணீர்த் துப்பாக்கி. புதிதாக ஒன்றும் இருக்காது.

“பிள்ளைகளுக்கு என்ன பிடிக்கும்னு உங்களுக்கு என்ன தெரியும்?” என்று ஒரு மாதம் அவர் காதைக் கரைத்தேன். கடைசியில் அந்த ஆடிக்கு முன்னால் என்னையும் கூட்டிப் போனார்.

விளக்குத்தூண் பக்கம் ஒரு சந்துக்குள் மொத்த வியாபாரக் கடை. அங்கேதான் இதைப் பார்த்தேன். பார்க்க வெறும் கார். கதவு இரண்டையும் பக்கவாட்டில் இழுத்தால் அவை கையாகிவிடும். பின்பக்கத்தை நீட்டினால் இரண்டாகப் பிரிந்து கால்கள். முன்மூடியைக் கட்டைவிரலால் அமுக்கினால் உள்ளேயிருந்து ஒரு தலை ‘டக்’கென்று வெளியே வரும். ஊர்ப் பஞ்சாயத்தில் தன் பக்கம் தீர்ப்பு வராதவர் மாதிரி ஒரு முகம் அதற்கு.

இதே மாதிரி பிளாஸ்டிக்கில் மலிவாக இன்னொன்றும் அங்கே இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் தையல்காரி. எதையும் ஓரத்தில்தான் பார்ப்பேன். பிளாஸ்டிக்கின் ஓரமெல்லாம் பிசிறு, விரலைக் கீறியது. மடக்குகிற இடம் இரண்டாம் தடவையே வெளுத்துவிட்டது. வெளுத்தால் மறுநாள் முறியும் என்று அர்த்தம். ஒட்டியிருந்த ஸ்டிக்கர் கையோடு வந்துவிட்டது.

கனமான காரில் ஓரம் முழுக்க வழவழவென்று இருந்தது. மடிப்பு ஒவ்வொன்றும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. இழுத்தால் வரும், விட்டால் நிற்கும், ஆடாது. ஒரே ஒரு குறைதான். வலது கதவை மூடிவிட்டுத்தான் இடது கதவை மூட வேண்டும். மாற்றிச் செய்தால் ஒரு நூல் இடைவெளி விட்டு நிற்கும். குறை என்று அன்று நினைத்தேன். அதைக் கற்றுக்கொள்வதில்தான் பாதிச் சந்தோஷம் இருக்கிறது என்று பின்னால் புரிந்தது.

நான் அதைப் பத்துத் தடவை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, “அக்கா, சரக்கு எடுக்க வந்தீகளா, வெளையாட வந்தீகளா?” என்றார்.

“ரெண்டுக்குந்தான்” என்றேன்.

ஆண்டிபட்டிக் கணவாயில் ஒரு பந்தயம்

இருபத்துநான்கு கார் வாங்கிக்கொண்டு திரும்பும் பஸ்ஸில் அவர் உசிலம்பட்டி வரை விரல்விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது மடியிலிருந்த பெட்டியைத் தட்டினார்.

“இது போகாது, லூர்து.”

“ஏன் போகாது?”

“கோயிலுக்கு வர்றவக பிள்ள அழுதா வாயடைக்கத்தான் பொம்ம வாங்குவாக. வீடு போயிச் சேர்றவரைக்கும் இருந்தாப் போதும். இம்புட்டு நல்லதெல்லாம் யாரு கேட்டா?”

எனக்குச் சுருக்கென்றது. நல்ல பொருளை யாரும் கேட்கவில்லை என்று முடிவு செய்ய இவர் யார் என்று தோன்றியது. “ஆடி கடேசிச் சனிக்கெழம கட கட்டும்போது இந்தப் பெட்டி காலியா இருக்கும், பாருங்க” என்றேன்.

“இல்லைன்னா?”

“இல்லைன்னா மதுரைப் பக்கமே நான் வரல. நீங்க எதை வாங்கி வந்தாலும் வாயத் தெறக்காம விக்கிறேன்.”

“காலியாச்சுன்னா?”

“ஒவ்வொரு தடவையும் நானும் வருவேன். சரக்கு நான் சொல்றதுதான்.”

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார். பந்தயம் என்று கேட்டால் சின்ன விஷயம். எனக்கு அது சின்னதாக இல்லை. ஆறு வருடம் அவர் வாங்கி வந்ததை விற்றிருக்கிறேன். நான் ஒன்றைப் பார்த்து, பிடித்து, தேர்ந்தெடுத்தது அதுதான் முதல் தடவை. அது தோற்றால் என் கண்ணே தோற்றது மாதிரி.

மடங்குகிற சாமான்கள்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே மடங்குகிற பொருள் என்றால் உயிர். மடக்குக் கட்டில், மடக்கு நாற்காலி, மடக்குக் கத்தி, எதைக் கண்டாலும் விரித்து மடக்கிப் பார்த்தால்தான் ஆறும்.

நான் ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது, குமுளியில் ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை பார்த்த என் சித்தப்பா மூன்று மடிப்புக் குடை ஒன்று வாங்கி வந்தார். பொத்தானை அமுக்கினால் தானாக விரியும். ‘குடை நன்னாயிட்டுண்டு’ என்று அங்கே கற்றுக்கொண்ட மலையாளத்தில் வேறு பெருமை அடித்துக்கொண்டார். அதை நான் வகுப்பில், கணக்கு டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்தபோது, மேசைக்குக் கீழே அமுக்கினேன். முன்னால் இருந்தவளின் ரெட்டைச் சடை குடைக் கம்பியில் மாட்டிக்கொண்டது. அந்த வருடம் முழுக்க நான் கடைசி பெஞ்சில் இருந்தேன்.

எங்கள் ஊர்ச் சப்பரமும் அப்படித்தான். திருவிழா முடிந்ததும் கழற்றி ஒரு அறைக்குள் அடுக்கிவிடுவார்கள். அடுத்த வருடம் நம்பர் பார்த்துப் பூட்டுவார்கள். பூட்டி முடித்தால் ஒவ்வொரு வருடமும் ஒரு மரக்கட்டை மிச்சமாகும். ஆண்கள் எல்லோரும் அதைச் சுற்றி நின்று தாடையைத் தடவுவார்கள். பிறகு ஒருவர் அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிடுவார். சப்பரம் எந்தக் குறையும் இல்லாமல் ஊரைச் சுற்றி வரும்.

அந்தக் காரோடு வந்த படத்தாளும் இதே ரகம். பன்னிரண்டு படம் போட்டிருந்தார்கள். ஏழாவது படத்தில் காராக இருந்தது எட்டாவது படத்தில் மனிதனாக நிற்கும். நடுவில் என்ன நடந்தது என்று கடவுளுக்கும் அதைச் செய்தவனுக்கும்தான் தெரியும். என் வீட்டுக்காரர் ஒரு சாயங்காலம் முழுக்கத் திருகிப் பார்த்துவிட்டு, காரும் இல்லாமல் ஆளும் இல்லாமல் ஒரு நண்டு மாதிரிச் செய்து கொடுத்தார். நான் வாங்கி இரண்டு திருப்பில் சரி செய்தேன். அதிலிருந்து கடையில் மாற்றிக் காட்டுவது என் பொறுப்பாயிற்று.

வீரம்மாக்கா சொன்னது

குச்சனூர் மூன்றாவது சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன்.

எங்கள் கடைக்கு அடுத்தாற்போல வீரம்மாக்கா எள் விளக்குக் கடை போட்டிருந்தார். கருப்புத் துணியில் எள்ளைச் சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டி, எண்ணெய் ஊற்றிக் கொடுப்பார். அந்த ஊர்க்காரர். மூன்று வாரமாக நான் கத்துவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் என் பக்கம் திரும்பினார்.

“ஏத்தா லூர்து, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கிற மாட்டியே?”

“சொல்லுங்கக்கா.”

“இன்னைக்கு என்ன கெழம?”

“சனிக்கெழம.”

“நீ யாரு கோயிலு வாசல்ல நிக்கிற?”

“சனீஸ்வரன் கோயிலு.”

“என்ன விக்கிற?”

நான் கையில் இருந்த காரைப் பார்த்தேன். சனிக்கிழமை யாரும் இரும்பு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் இது பால் குடிக்கிற பிள்ளைக்குத் தெரியும். சின்னமனூர் இரும்புக் கடையில் சனிக்கிழமை ஈ ஓட்டுவதை நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அது கதவு, கடப்பாரை, மண்வெட்டிக்கு உள்ள விதி, பொம்மைக்கு இல்லை என்று என் புத்தி எப்படியோ பிரித்து வைத்துவிட்டது.

பிறருக்கு அப்படிப் பிரியவில்லை. சனி தோஷம் கழிக்க ஐம்பது மைல் தாண்டி வந்து, முழுகி, எள் விளக்குப் போட்டுவிட்டு வெளியே வருகிறவர்களை மறித்து, “இரும்பு, இரும்பு” என்று மூன்று வாரமாக நான் தொண்டை வறளக் கூவியிருக்கிறேன்.

“கையெடுத்துக் கும்பிட்டுட்டு வர்றவக காதுல இரும்பு இரும்புன்னு விழுந்தா பயந்துதானத்தா ஓடுவாக?” என்றார் வீரம்மாக்கா. சொல்லி முடிப்பதற்குள் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

என் கோபம் முழுக்க வீட்டுக்காரர் மேல் திரும்பியது. “உங்களுக்குத் தோணவே இல்லையா?”

அவர் பலூனை வாயிலிருந்து எடுத்தார். “போன வாரந்தான் தோணுச்சு.”

“ஏன் சொல்லல?”

“நீ எங்க பேச விட்ட?”

கோபம் வந்தால் செய்வதைச் செய்தேன். தூக்குச்சட்டியைத் திறந்து அவருக்கு முன்னால் நானே சாப்பிட்டுவிட்டேன்.

ஊசி பொறுக்கும் காந்தம்

பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்று என் தையல் மெஷின் டிராயரில் கிடக்கும். கீழே சிந்திய குண்டூசிகளைப் பொறுக்க அதுதான் உதவும். அந்த வாரம் புதன்கிழமையோ என்னவோ, தைத்துக்கொண்டிருக்கும்போது அது உருண்டு போய்ப் பக்கத்தில் இருந்த காரின் மேல் விழுந்தது. விழுந்தது, நழுவிக் கீழே போய்விட்டது. ஒட்டவில்லை.

எடுத்து மறுபடி வைத்தேன். முன்மூடியில் ஒட்டவில்லை. கதவில் ஒட்டவில்லை. காலில் ஒட்டவில்லை.

அது இரும்பே இல்லை. துத்தநாகம் கலந்து வார்த்த ஏதோ ஒன்று என்று பின்னால் ஒரு பட்டறைக்காரர் சொன்னார். ஆக, மூன்று வாரமாக நான் சொன்னது முதலில் பொய், அதற்கு மேல் எனக்கே வைத்துக்கொண்ட ஆப்பு. ஆனால் அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. வாசலுக்கு ஓடிப்போய், சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்த அவரிடம் காரில் காந்தத்தை வைத்து வைத்து எடுத்துக் காட்டினேன்.

“ஒட்டலைல்ல?”

“ஒட்டல.”

“இரும்பு இல்லைல்ல?”

“இல்ல” என்றார். பிறகு, “இத மொதல்லயே பாத்திருக்கலாம்ல?” என்று கேட்டார். இப்படிப்பட்ட கேள்விகளுக்காகத்தான் அவரைப் பலூன் ஊத விட்டிருக்கிறேன்.

மார்க்கையன்கோட்டைக்காரர்

நான்காவது சனிக்கிழமை. தார்ப்பாய்க் கம்பியில் நூல் கட்டிக் காந்தத்தைத் தொங்கவிட்டேன். “இரும்பு இல்ல, நீங்களே வச்சுப் பாருங்க” என்று கூவினேன். ஆட்கள் நின்றார்கள். காந்தம் என்றால் பெரியவர்களுக்கும் கை குறுகுறுக்கும்.

முதலில் வந்தவர் மார்க்கையன்கோட்டைக்காரர். டிராக்டர் ஓட்டுகிறவர், நகக்கண்ணில் கிரீஸ் கறை. கூட ஏழெட்டு வயதுப் பெண். அப்பா காந்தத்தைப் பிடித்துக்கொண்டு சோதனையில் இறங்க, அவள் இன்னொரு காரை எடுத்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள். யாரும் சொல்லித் தரவில்லை. தலையை வெளியே எடுத்தாள், கையை இழுத்தாள், மறுபடி காராக்கினாள். இடது கதவு இடைவெளி விட்டு நின்றது. ஒரு நிமிடம் முறைத்துப் பார்த்தாள். இரண்டு கதவையும் திறந்தாள். வலதை மூடினாள், பிறகு இடதை மூடினாள். அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

அப்பா அவ்வளவு சுலபத்தில் விடுகிறவர் இல்லை. முன்னால் வைத்தார், மேலே வைத்தார், கவிழ்த்துப் போட்டு அடியில் வைத்தார். நான் அடியில் வைத்துப் பார்த்ததே இல்லை.

‘டக்.’

“இங்கன ஒட்டுதே ஆத்தா.”

சுற்றி நின்ற பத்துப் பதினைந்து பேரும் குனிந்தார்கள். இடுப்பில், கால் மடங்குகிற இடத்தில் ஒரு சின்ன ஆணி. சக்கரங்களைக் கோத்திருந்த கம்பிகளும் அப்படியே. மடிப்பு அவ்வளவு உறுதியாக நின்றதே, அது அந்த ஆணியால்தான்.

மழுப்பியிருக்கலாம். வாய் வரவில்லை. “ஆமாண்ணே, அது இரும்புதான். நான் பாக்கல” என்றேன்.

அவர் காரைப் பதமாகக் கீழே வைத்தார். “தப்பா நெனைக்காத தாயி. எனக்கு ஏழரை ஓடுது. ரெண்டு வருசமா வண்டி வயல்ல நின்னதவிடப் பட்டறையில நின்னதுதான் அதிகம். இதுல ஆணி அளவு இரும்பும் எனக்கு வேண்டாம்.”

“டிராக்டர்லதான வந்தீக? அது என்ன மரமா?” என்றார் வீரம்மாக்கா.

“அது வியாழக்கெழம வாங்குனது” என்றார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

“நாளைக்கு வந்து வாங்கலாம்லப்பா?” என்று அந்தப் பெண் கேட்டாள். நல்ல யோசனைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கடை போடுவதில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே என் வீட்டுக்காரர் வைத்திருந்த பழக்கம் அது. பூசைக்குப் போனால் போனதுதான், அன்று வியாபாரம் கிடையாது. சனிக்கிழமை அவர்கள் வாங்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் விற்க மாட்டோம். திங்கட்கிழமை அங்கே கூட்டமே இருக்காது.

அந்தப் பெண் காரைத் துடைத்து என் கையில் கொடுத்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை.

அப்போதுதான் என் பின்னால் பலூன் முடிச்சுப் போடும் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார்.

“அண்ணே, இன்னைக்கு நீங்க வாங்க வேண்டாம். நாங்களும் விக்கல. பாத்தீக, அம்புட்டுத்தான். பாப்பா பேர எழுதி ஒரு பெட்டிய வீரம்மாக்கா வீட்டுல வச்சுட்டுப் போறோம். நாளைக்கு வந்து காசு குடுத்து எடுத்துக்கங்க. மனசு மாறுனா வராதீக, ஒண்ணும் தப்பில்ல.”

அந்த வருடத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். நான் வாயைப் பிளந்து நின்றேன். பந்தயத்தில் எனக்கு எதிர்ப்பக்கம் நிற்கிற மனிதர் அல்லவா அவர்.

மார்க்கையன்கோட்டைக்காரர் மேலே பார்த்து யோசித்தார். “பாக்குறதுக்குத் தோசம் இல்ல” என்று ஒப்புக்கொண்டார்.

“எங்கிட்டுப் பேர எழுதுறது?” என்று பேனாவைத் தேடினேன். அவள் பெயர் பவித்ரா. கார் வந்த சின்ன அட்டைப்பெட்டியில் ஒரு ரோபோ நெருப்பு கக்கிக்கொண்டு பறக்கிற படம் போட்டிருந்தது. உள்ளே இருக்கிற பொம்மை பறக்கவும் செய்யாது, கக்கவும் செய்யாது. அந்தப் பொய் நெருப்புக்குப் பக்கத்தில் அவள் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். தன் பெயரைப் பெட்டியில் பார்த்ததும் அவள் அதை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

அதைப் பார்த்த மற்றப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? தங்கள் பெயரையும் எழுதச் சொன்னார்கள். வெளியூர்க்காரர்கள் போய்விட்டார்கள். சின்னமனூர், மார்க்கையன்கோட்டை, உள்ளூர் என்று பக்கத்து ஆட்கள் நின்றார்கள். மாலைக்குள் பதினைந்து பெட்டியில் பெயர் ஏறிவிட்டது. வீரம்மாக்கா அவற்றைத் தன் வீட்டில் எள் மூட்டைக்கு மேல் அடுக்கி வைத்தார்.

ஒரு வாரம்

மறுநாள் பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முறை மண்டியிட்டபோதும் குச்சனூரில் யாராவது கதவைத் தட்டியிருப்பார்களா என்றுதான் யோசித்தேன். சனிக்கிழமை ஆசைப்படுவது சுலபம். ஞாயிற்றுக்கிழமை மறுபடி வண்டி பிடித்து வருவது வேறு. நான் கழித்ததிலேயே நீளமான ஒரு வாரம் அது.

ஐந்தாவது சனிக்கிழமை, அதுதான் ஆடியின் கடைசி. காலை நாங்கள் தார்ப்பாய் கட்டும்போது வீரம்மாக்கா வந்தார். கை வெறுங்கையாக இருந்தது.

“பெட்டியெல்லாம் எங்கக்கா?”

“எங்கிட்டு இருக்கு? விடியமுன்ன வந்து கதவத் தட்டுறாக. ரெண்டு பவித்ரா வந்து எந்தப் பெட்டி யாருதுன்னு சண்டை வேற. எழுதுறதுன்னா இனிஷியலும் சேத்து எழுது தாயி.”

பதினைந்தும் போயிருந்தன. காசை முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். மார்க்கையன்கோட்டைக்காரர்தான் முதலில் வந்தாராம், சூரியன் உதித்துவிட்டதா என்று கிழக்கே பார்த்துவிட்டுக் கையில் வாங்கினாராம்.

அன்று மதியத்துக்குள் இன்னும் எட்டுப் பெயர் எழுதினேன், இனிஷியலோடு. எட்டும் வீரம்மாக்கா வீட்டுக்குப் போயின.

தூக்குச்சட்டி

இனி வருவதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை.

இருபத்துநான்கும் போயிற்று என்றுதான் ஊரெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன். போனது இருபத்துமூன்று. கடைசி ஒன்று, நான் ஐந்து வாரமும் மாற்றிக் காட்டிய கார். சிவப்புச் சாயம் கதவோரத்தில் தேய்ந்திருந்தது. எத்தனை நூறு தடவை அதைத் திருப்பியிருப்பேனோ தெரியாது. ஆனால் ஒரு மடிப்புகூடத் தளரவில்லை. அமுக்கினால் அதே ‘டக்’, அதே கடுகடுத்த முகம்.

அதை ஒருவர் கேட்கவும் செய்தார். “தேஞ்சிருந்தாப் பரவால்லக்கா, எம் மகன் பேர எழுதுங்க” என்றார். பேனாவை எடுத்தேன். எழுத மனம் வரவில்லை. “இது வித்தாச்சு” என்று சொல்லிவிட்டேன்.

பந்தயத்திலும் ஜெயிக்க வேண்டும், காரும் வேண்டும். அவர் கம்பிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்த நேரம், சாப்பிட்டுக் கழுவி வைத்த தூக்குச்சட்டியைத் திறந்தேன். காராக வைத்தால் அகலம் இடித்தது. ஆளாக மாற்றிக் கையை மடக்கி நிற்க வைத்தால் கச்சிதமாக உள்ளே போயிற்று. மூடியும் மூடியது. அதை வடிவமைத்தவன் எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும்.

அவர் வந்தார். பெரிய அட்டைப்பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியில் இரண்டு தட்டுத் தட்டினார். ஒன்றும் விழவில்லை.

“சரி” என்றார். “அடுத்த தடவையும் நீ வா.”

நான் அன்று நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு தூக்குச்சட்டியையும் அவரே எடுத்தார். “எங்கிட்டக் குடுங்க” என்றேன். “இருக்கட்டும்” என்றார். பஸ் நிறுத்தம் வரை அவர் கையில் அது ஆடிக்கொண்டு வந்தது. என் நெஞ்சும் கூடவே ஆடியது.

அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் மதுரைக்கு இருவருமாகத்தான் போனோம். ஜன்னலோரம் எனக்கு. சரக்கெல்லாம் எடுத்து முடித்ததும் ஆளுக்கொரு டம்ளர் பருத்திப்பால். நான் தேர்ந்தெடுத்ததில் படுத்ததும் உண்டு, பறந்ததும் உண்டு. அந்தக் காரைத் தையல் மெஷின் டிராயரில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்தேன். காந்தத்துக்குப் பக்கத்திலேதான் அது இன்றும் கிடக்கிறது. அது அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது என்று இந்த அத்தியாயத்தை எழுதி முடிக்கும் வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

பத்திரிகைக்கு அனுப்பும் முன் எதையும் அவரிடம் படிக்கக் கொடுப்பது வழக்கம். நேற்று மத்தியானம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பலூனைப் பற்றி எழுதியதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

“இருபத்திமூணுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்.”

“எப்படி?”

“காலிச் சட்டி அம்புட்டுக் கனம் கனக்குமா? நீதான அஞ்சு வாரமா தூக்கிப் பாருங்க தூக்கிப் பாருங்கன்னு கத்துன? நானும் தூக்கிப் பாத்தேன்.”

இத்தனை வருடம். “தெரிஞ்சுமா சும்மா இருந்தீக? பந்தயத்துல நீங்கள்ல ஜெயிச்சிருப்பீக?”

அவர் தாள்களை வரிசையாக அடுக்கி என் கையில் கொடுத்தார்.

“ஜெயிச்சு? மறுபடியும் மதுரைக்கு நான் தனியால்ல போயிட்டு வரணும்?”